தோப்பு நிழல் ஏன் குளிர்கிறது?

சித்திரை வெயிலில் பேராவூரணிக் கடைத்தெருவிலிருந்து நடந்து வருகிறவர், வழியில் ஒரு தோப்புக்குள் நுழைந்ததும் "அப்பாடா!" என்று உட்கார்ந்துவிடுவார். அங்கே ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பாருங்கள். வெளிக்காற்றின் வெப்பநிலை 38 டிகிரி செல்சியஸ் என்றால், தோப்புக்குள் பெரும்பாலும் ஒன்றிரண்டு டிகிரிதான் குறைந்திருக்கும். இதற்கா இத்தனை சுகம்?

காரணம் காற்றில் மட்டும் இல்லை. நம்மைச் சுற்றியுள்ள ஒவ்வொரு பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை வீசிக்கொண்டே இருக்கிறது. பொருள் சூடேற ஏற இக்கதிர்வீச்சு வெகு வேகமாக உயரும். உச்சிப்பொழுதில் துருவேறிய தகரக் கூரை 60 டிகிரியைத் தொட்டால், அதன் அடிப்பக்கத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் 600 வாட்டுக்கு மேல் கீழே இறங்கும். காற்றின் அளவே சூடுள்ள இலையிலிருந்து வருவது சுமார் 525 வாட். தகரக் கொட்டகையும் நிழல்தான். ஆனால் அது தலைக்கு மேல் கவிழ்த்த அடுப்பு!

அதே வெயிலில் காயும் இலை மட்டும் ஏன் கொதிப்பதில்லை? இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாகிறது. மண்பானை வித்தைதான். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். ஒரு மரம் நாளொன்றுக்கு 50 லிட்டர் நீரை வெளியிடுமானால், அது செலவிடும் வெப்பம் மின்சாரக் கணக்கில் 33 யூனிட்டுக்குக் குறையாது. இதைக் கொண்டு "ஒரு மரம் இத்தனை ஏ.சி.க்குச் சமம்" என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கூட்டல் சரி, ஆனால் தோப்புக்குக் கதவில்லையே! பிற்பகலில் கடற்காற்று வந்து எல்லாவற்றையும் கலக்கிவிடும். மரம் தரும் பெரிய லாபம், இலை தகரமாகாமல் இருப்பதே.

தோப்பின் அமைதியும் இப்படித்தான். பஸ் ஹாரனை இலைகள் தடுப்பது மிகக் குறைவு. சருகு மூடிய மெத்தென்ற தரை ஒலியைச் சற்று உறிஞ்சுகிறது. இலைச் சலசலப்பு மிச்சத்தை மறைக்கிறது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது, பேராவூரணி, பட்டுக்கோட்டை வட்டாரங்களில் தென்னைகள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. காய்க்கும் மரத்துக்கு நிவாரணம் கணக்கிட்டார்கள். நிழலுக்குக் கணக்குப் போட யாரிடமும் பட்டியல் இல்லை. தென்னை ஓலையின் இடுக்கில் வெயில் இறங்கும். புங்கும் வேம்பும் இன்னும் அடர்த்தியாக மறைக்கும். பஸ் நிற்கும் இடத்தில் தகரக் கொட்டகை போடுகிறவர்கள் பக்கத்தில் ஒரு புங்கங்கன்றையும் நட்டு வைக்கலாம்.

எது நல்ல நிழல் என்று நீங்களே அளந்து பார்க்கலாம். பழைய பால்பவுடர் டப்பாவுக்கு வெளிப்புறம் மங்கலான கறுப்பு வண்ணம் பூசி, மூடியில் துளையிட்டு, வெப்பமானியின் குமிழ் நடுவில் நிற்கும்படி செருகுங்கள். டப்பாவுக்கு வெளியே இன்னொரு வெப்பமானி இருக்கட்டும். தகரக் கொட்டகை, தென்னந்தோப்பு, புங்கமரத்தடி மூன்றிலும் மார்பளவு உயரத்தில் தொங்கவிட்டு, 20 நிமிடம் கழித்து இரண்டையும் படியுங்கள். வெளியே உள்ளதைவிட டப்பாவுக்குள் எத்தனை டிகிரி கூடுகிறதோ, அத்தனைக்கு அந்த நிழல் உங்கள்மேல் கதிர்வீசுகிறது.