வணரித்தண்டுக் கப்பி

வணரித்தண்டுக் கப்பி என்பது உள் எரி பொறியின் வணரித்தண்டு முனையில் பொருத்தப்படும் சக்கர வடிவ உறுப்பாகும். தமிழ்நாட்டுப் பணிமனைகளில் வணரித்தண்டு கிராங்க் ஷாஃப்ட் என்றும், இக்கப்பி கிராங்க் புல்லி என்றும் அழைக்கப்படுகின்றன. பொறி சுழலும்போது கப்பியும் உடன் சுழன்று, பெல்ட் வழியாக ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர் முதலியவற்றை இயக்குகிறது. பல கார்களில் தண்ணீர் பம்ப்பும் இதனாலேயே இயங்குகிறது.

பெரும்பாலான சிறிய கார்களில் இக்கப்பியை நடுவில் உள்ள ஒரே ஒரு போல்ட் பிடித்திருக்கிறது. ஆகவே இதைக் கழற்றி மாட்டுவது எளிய வேலை போலத் தோன்றும். எனினும் அந்தப் போல்ட் சரியாக இறுக்கப்படாவிட்டால் வணரித்தண்டே பழுதடையக்கூடும்.

அமைப்பு

பழைய பொறிகளில் கப்பி ஒரே வார்ப்பிரும்புத் துண்டாக இருந்தது. தற்காலக் கார்கள் பலவற்றில் அது மூன்று பகுதிகளைக் கொண்டது. தண்டின் மீது அமரும் குடம், பெல்ட் ஓடும் வெளி வளையம், இரண்டுக்கும் இடையே ஒட்டப்பட்ட ரப்பர் ஆகியவை அப்பகுதிகளாகும்.

இந்த ரப்பர் அதிர்வைத் தணிக்கிறது. நான்கு சிலிண்டர் நாலடிப் பொறியில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை எரிதல் நிகழ்கிறது. நிமிடத்துக்கு 3000 சுற்றுகள் சுழலும் பொறியில் நொடிக்கு 100 முறை தண்டின் மீது அடி விழுகிறது. ஒவ்வோர் அடியிலும் எஃகுத் தண்டு மிகச் சிறிதளவு முறுக்கிக்கொண்டு மீள்கிறது. இது முறுக்கதிர்வு எனப்படும். அடிகளின் அதிர்வெண் தண்டின் இயல்பு அதிர்வெண்ணோடு பொருந்தினால் ஒத்ததிர்வு ஏற்பட்டுத் தண்டு முறியவும் கூடும். வெளி வளையத்தின் நிறையும் ரப்பரின் நெகிழ்வும் சேர்ந்து இவ்வதிர்வை உறிஞ்சுகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீண்ட தண்டுகளை உடைய ஆறு சிலிண்டர் பொறிகளில் இச்சிக்கல் பெரிதாக இருந்தது. அதற்குத் தணிப்பான்களை உருவாக்கிய முன்னோடிகளுள் இங்கிலாந்துப் பொறியாளர் ஃபிரெடெரிக் லாஞ்செஸ்டர் ஒருவர்.

கப்பியைப் பிடித்திருப்பது எது?

தண்டிலும் கப்பியிலும் உள்ள காடிகளில் ஒரு சிறிய எஃகுச் சாவி செருகப்பட்டிருக்கும். கப்பி நழுவாமல் தடுப்பது இச்சாவியே என்று பலர் கருதுகின்றனர். இது சரியன்று. சாவியின் முதன்மையான பணி கப்பியைச் சரியான கோணத்தில் அமர்த்துவதே ஆகும். சுழற்சி விசையைத் தாங்குவது, போல்ட் அழுத்துவதால் முகங்களுக்கிடையே உண்டாகும் உராய்வு ஆகும்.

இந்த அழுத்தத்தைத் தோராயமாகக் கணக்கிடலாம். போல்ட்டின் இறுக்கு விசை, முறுக்குவிசையை உராய்வு எண்ணாலும் போல்ட்டின் விட்டத்தாலும் வகுத்தால் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 14 மி.மீ. விட்டமுள்ள போல்ட் 150 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கப்படுவதாகக் கொள்வோம். உலர்ந்த மரைக்குரிய எண் 0.2 எனில் விசை ஏறத்தாழ 53,600 நியூட்டன், அதாவது சுமார் ஐந்தரை டன் எடைக்குச் சமம். மரையில் எண்ணெய் தடவினால் அந்த எண் 0.15 அளவுக்குக் குறைந்து, அதே முறுக்குவிசையில் 71,400 நியூட்டன் வரை உயரும். எனவே மரை உலர்ந்திருக்க வேண்டுமா, எண்ணெய் தேவையா என்பதையும் கையேட்டில் பார்ப்பது இன்றியமையாதது.

சில பொறிகளில் சாவியே இல்லை. ஃபோர்டு நிறுவனத்தின் சிக்மா வகைப் பொறிகள் இதற்கு எடுத்துக்காட்டு. இவற்றில் டைமிங் பல்சக்கரமும் போல்ட்டின் அழுத்தத்தாலேயே நிலைத்திருக்கிறது. தனிக்கருவிகளால் தண்டுகளைப் பூட்டாமல் போல்ட்டைத் தளர்த்தினால் பொறியின் டைமிங் குலைந்துவிடும்.

வீட்டில் பொருத்தும் முறை

கீழ்க்காண்பது பொதுவான முறையாகும். அளவுகள் அந்தந்தக் காரின் கையேட்டின்படியே அமைய வேண்டும்.

1. பேட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்ற வேண்டும். காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஜாக்கியால் உயர்த்தியபின் உறுதியான தாங்கிகளின் மேல் இறக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் கீழ் கை வைப்பது உயிருக்கு ஆபத்தானது.
2. பொறி குறுக்காக அமைந்த கார்களில் கப்பி முன்சக்கரத்தின் உட்புறம் இருக்கும். அச்சக்கரத்தையும் உள்மறைப்பையும் கழற்ற வேண்டும்.
3. தண்டின் முனை, சாவிக் காடி, கப்பியின் உட்துளை ஆகியவற்றைத் துடைத்து ஆராய வேண்டும். ஆயில் சீல் கசிந்தால் இந்நிலையிலேயே மாற்றிவிடலாம். ரப்பர் வெடித்திருந்தாலோ வெளி வளையம் நகர்ந்திருந்தாலோ புதிய கப்பி தேவை.
4. சாவியைக் காடியோடு நேர்ப்படுத்திக் கப்பியைக் கையால் தள்ளி அமர்த்த வேண்டும். இறுக்கப் பொருத்தமுள்ள வகையாயின் அதற்குரிய திருகுக் கருவியைக் கொண்டு இழுத்து அமர்த்த வேண்டும்.
5. போல்ட்டை முதலில் கையால் திருக வேண்டும். ஒருமுறை மட்டுமே பயன்படுத்தத்தக்க நீளும் வகைப் போல்ட் எனில் புதியதே இட வேண்டும்.
6. தண்டு சுழலாதவாறு ஃபிளைவீலையோ கப்பியையோ உரிய கருவியால் பூட்டி, டார்க் ரெஞ்சு கொண்டு குறிப்பிட்ட அளவுக்கு இறுக்க வேண்டும். கையேடு கூடுதல் கோணம் குறிப்பிட்டிருந்தால் அதையும் திருப்ப வேண்டும்.
7. பெல்ட்டை மாட்டி, பூட்டுக் கருவியை அகற்றி, பொறியைக் கையால் இரண்டு சுற்று சுழற்றிப் பார்க்க வேண்டும். எதுவும் தட்டாவிட்டால் மட்டுமே இயக்க வேண்டும்.

தவறுகளும் விளைவுகளும்

சுத்தியலால் அடித்து ஏற்றுவது மிகப் பரவலான தவறாகும். இப்பழக்கத்துக்கு ஒரு பின்னணி உண்டு. காஞ்சிபுரம் மாவட்டம் போன்ற வேளாண் பகுதிகளில் கிணற்று நீரை இறைக்க ஆயில் எஞ்சின்கள் பயன்பட்டன. அவற்றின் பல வகைகளில் கனத்த ஃபிளைவீலைத் தலையுள்ள ஆப்புச் சாவியை அடித்துச் செருகியே இறுக்குவர். அங்கே அடிப்பதுதான் முறை. காரில் அதே அடி, ரப்பரின் ஒட்டைப் பிரிப்பதுடன் வணரித்தண்டின் உந்து தாங்கியையும் சேதப்படுத்தும்.

குறைவாக இறுக்குவது இரண்டாவது தவறு. தளர்ந்த கப்பி ஒவ்வோர் எரிதலின்போதும் நுண்ணளவில் முன்னும் பின்னும் அசைந்து, சாவியையும் காடியையும் தேய்க்கிறது. காடி அகன்றுவிட்டால் தண்டைச் சீரமைக்கவோ மாற்றவோ வேண்டியிருக்கும். தண்டை மாற்றுவதற்குப் பொறியை முழுமையாகப் பிரிக்க வேண்டும். மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் தொடக்ககாலப் பொறிகளில் தண்டின் முனை குட்டையாக இருந்ததால் இக்கோளாறு பரவலாக அறியப்பட்டது. பின்னர் முனை நீட்டப்பட்டுப் போல்ட்டும் பெரிதாக்கப்பட்டது. டைமிங் பல்சக்கரத்தையும் அதே போல்ட் பிடித்திருக்கும் பொறிகளில் வால்வுகள் பிஸ்டன்களின் மீது மோதவும் வாய்ப்புண்டு.

இறுகிய போல்ட்டைக் கழற்ற, ரெஞ்சைச் சட்டத்தில் முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டர் மோட்டாரை இயக்கும் குறுக்குவழி பின்பற்றப்படுவதுண்டு. ரெஞ்சு தெறித்தால் கடும் காயம் ஏற்படும். பொருத்துவதற்கு இம்முறை சற்றும் உதவாது. மோட்டார் சுழலும் திசை போல்ட்டைத் தளர்த்தவே செய்யும்.

ரப்பர் பிரிந்து வெளி வளையம் நகர்ந்துவிட்டால், அதில் பொறிக்கப்பட்ட டைமிங் குறியும் உடன் நகர்ந்துவிடும். அக்குறியை நம்பிச் செய்யப்படும் சோதனை தவறான முடிவையே தரும்.

இந்தியக் கார்களில்

2014 வரை உற்பத்தி செய்யப்பட்ட அம்பாசிடர் காரின் 1489 க.செ.மீ. பெட்ரோல் பொறியில், கப்பியின் நடுப் போல்ட்டின் தலையில் பற்கள் அமைந்திருந்தன. பேட்டரி வலுவிழந்தால் காரின் முன்புறத் துளை வழியாகக் கைப்பிடிக் கம்பியைச் செலுத்தி, அப்பற்களில் மாட்டிப் பொறியைச் சுழற்றுவர். வலஞ்சுழியாகச் சுற்றுவதால் போல்ட் தளர்வதில்லை.

காஞ்சிபுரம் மாவட்டம் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து 1998இல் வெளிவந்த ஹூண்டாய் சான்ட்ரோ காரில் 999 க.செ.மீ. பொறி இருந்தது. இத்தகைய டைமிங் பெல்ட் பொறிகளில் கப்பிக்குப் பின்னால் பெல்ட்டின் கீழ்மூடி இருப்பதால், பெல்ட்டை மாற்றும்போது கப்பியைக் கழற்ற வேண்டியுள்ளது. பழுது எதுவும் இல்லாத கப்பியும் காரின் வாழ்நாளில் சில முறையேனும் கழற்றி மாட்டப்படுவதால், ஒவ்வொரு முறையும் சரியான இறுக்கம் தேவைப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

வணரித்தண்டு
உள் எரி பொறி
முறுக்குவிசை
ஒத்ததிர்வு
ஃபிளைவீல்