கொத்மலைச் சரிவும் இறுகிய கியர்த் தண்டும்

கொத்மலைப் பிரதேசத்துக் கமக்காரர் பலருக்கு விளைச்சலை எடுப்பதைக் காட்டிலும் அதனைப் பெருந்தெருவுக்குக் கொண்டு சேர்ப்பதே பெரும்பாடாகும். நெல்வயல்கள் பள்ளத்தாக்கின் படிகளிலே கிடக்கின்றன. லீக்ஸ், கரட், கோவா ஆகியன தேயிலைக்கு அப்பாலுள்ள மேட்டு நிலங்களில் விளைகின்றன. லொறி நிற்பதோ தவலந்தென்னைச் சந்தியில். இடையிலுள்ள மண்பாதையை, அதுவும் மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்ட பின்னர், நான்கு சில்லுகளும் ஒருங்கே இழுக்கும் வாகனமன்றி வேறொன்றும் ஏறுதல் அரிது. ஆதலின் ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து பழைய லாண்ட் றோவர் ஒன்றையோ ஜீப் ஒன்றையோ பேணி வருதலை இங்கு காணலாம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் கடமையாற்றிய பிரிவில் அத்தகைய லாண்ட் றோவர் ஒன்று இருந்தது. அதன் சிறிய கியர்த் தண்டு சில மாதங்களாகவே இறுகியிருந்தது. மழைநாளொன்றில் லீக்ஸ் ஏற்றிய பின்னர் சாரதி அதனைப் பின்னுக்கு இழுத்தார், அசையவில்லை. அருகில் நின்ற இளைஞர் ஒருவர் நீர்க்குழாய்த் துண்டொன்றைத் தண்டின்மேற் செருகினார். இருவருமாக இழுத்தனர்; தண்டு வந்தது. வந்துவிட்டதென்ற மகிழ்ச்சியில், அது பாதி வழியிலே நின்றுவிட்டதை ஒருவரும் கவனிக்கவில்லை. ஏற்றத்தின் நடுவிற் பல் நழுவிற்று. எஞ்சின் வெறுமனே இரைந்தது. பிரேக்கை மிதித்தும் வண்டி சேற்றிற் சறுக்கிப் பின்னோக்கிச் சென்று கல்லணையொன்றில் மோதி நின்றது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் இரண்டு நாள் மழையிற் கிடந்த லீக்ஸ் அழுகிப் போயிற்று. விதைக்கும் உரத்துக்கும் பட்ட கடன் அடுத்த போகத்தின் தலையில் ஏறியது. பின்னர் கழற்றிப் பார்த்தபோது, இறுக்கத்துக்குக் காரணமாயிருந்தது தண்டு திரும்பும் ஆணியிற் பிடித்த துரு ஒன்றே. பெட்டிக்குள்ளே கியரை நகர்த்தும் கவையை வளைத்தது அந்தக் குழாய்த் துண்டு!

இத்தண்டின் தொழிலை முதலில் அறிதல் வேண்டும். எஞ்சினின் வலு சாதாரண கியர்ப் பெட்டியைக் கடந்ததும் ட்ரான்ஸ்பர் கேஸ் எனப்படும் துணைக் கியர்ப் பெட்டிக்குச் செல்கின்றது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் வலுவைப் பகிர்ந்தளிப்பது இப்பெட்டியே. 1948ஆம் ஆண்டில் முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டு, 1985 வரையில் வெளிவந்த பழைய வகை லாண்ட் றோவர்களுள் பெரும்பாலானவற்றில் இதற்கெனச் சிவப்புக் குமிழுள்ள தண்டொன்றும் மஞ்சட் குமிழுள்ள கம்பியொன்றும் உள்ளன. மஞ்சளைக் கீழே அமுக்கினால் முன் சில்லுகளும் இழுக்கத் தொடங்கும். சிவப்பைப் பின்னுக்கு இழுத்தால் தாழ்ந்த விகிதம் விழும். அப்பொழுது நான்கு சில்லுகளும் தாமாகவே சேர்ந்துகொள்ளும். ஓட்டம் குறைந்து, இழுவை இரண்டு முதல் இரண்டரை மடங்காக உயரும். சிவப்புத் தண்டு நடுவில் நின்றால் எந்தச் சில்லுக்கும் வலு போகாது. அந்நிலையில் வண்டியை முதலாம் கியரிற் போட்டு நிறுத்தினும் அது வண்டியைப் பிடித்து வைக்கமாட்டாது என்பதைச் சரிவில் வாழும் நாம் மறத்தலாகாது.

தண்டு இறுகுவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுட் சில பழுதே அல்ல. நின்ற வண்டியிற் பல்லோடு பல் முட்டி நிற்குமாயின் தண்டு விழாது. கிளச்சை இலேசாக விட்டு மீண்டும் அமுக்கி முயன்றாற் போதும். தாழ்ந்த விகிதத்தை வண்டி முற்றாக நின்ற பின்னரே போடுதல் வேண்டும்.

பெரும்பாலானோரை ஏமாற்றும் காரணம் வேறொன்று. வளைவிலே முன் சில்லுகள் பின் சில்லுகளைவிடக் கூடிய தூரம் ஓடுகின்றன. இவ்வகைப் பெட்டியில் முன்னச்சும் பின்னச்சும் ஒன்றாகப் பூட்டப்படுவதால் அவ்வேறுபாடு போக வழியில்லை. சேற்றிலாயின் சில்லு சற்றே வழுக்கி அதனைத் தீர்த்துவிடும். தார்த் தெருவிலோ வழுக்க இடமின்றி, தண்டுகளெல்லாம் கயிறு முறுக்கேறுவதுபோல் முறுக்கேறி நிற்கும். கியர்ப் பற்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். சாரதி என்ன இழுத்தும் ஃபோர் வீல் கழராது. இதற்கு ஸ்பனரும் வேண்டாம், சுத்தியலும் வேண்டாம். ஸ்டியரிங்கை நேராக வைத்து வண்டியைச் சில யார் பின்னோக்கிச் செலுத்துக. அல்லது ஒரு பக்கச் சில்லுகளைத் தெருவோரத்து இளகிய மண்ணில் இறக்கி ஓட்டுக. முறுக்கு அவிழ்ந்ததும் தண்டு விரலுக்கு வரும். மஞ்சட் குமிழை அமுக்கி ஃபோர் வீல் போட்டவர்கள் அதைக் கழற்ற, வண்டியை நிறுத்திக் கிளச்சை மிதித்து, சிவப்புத் தண்டை முழுதாகப் பின்னுக்கு இழுத்து மீண்டும் முழுதாக முன்னே தள்ளுதல் வேண்டும். அப்பொழுது குமிழ் தானே மேலெழும். குமிழைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டிருப்பதாற் பயனில்லை.

மண்பாதையிலும் இம்முறுக்கு அடிக்கடி ஏறுமாயின் டயர்களைப் பாருங்கள். முன்னே தேய்ந்த டயரும் பின்னே புதிய டயருமாக ஓடும் வண்டிகள் நம்மிடையே ஏராளம். காற்றைச் சரிபார்த்தபின் ஒவ்வொரு டயரையும் கயிற்றாற் சுற்றி அளந்து ஒப்பிடுக. நான்கும் ஒரே அளவினவாகவும் ஒரே வகையினவாகவும் இருத்தல் வேண்டும்.

வண்டி சமதரையில் நின்று, முறுக்கும் இல்லாதிருக்கையில் தண்டு அசையாதாயின் துருவையோ சேற்றையோ தேட வேண்டியதுதான். லாண்ட் றோவரின் உடற்பகுதி பெரும்பாலும் அலுமினியக் கலப்பாலானது; அது துருப்பிடிப்பதில்லை. அதைக் கண்டு, வண்டி முழுவதும் அப்படியே என எண்ணுவோர் உளர். கீழேயுள்ள ஆணியும் இணைப்பும் உருக்கினாலானவை. ஆற்றைக் கடக்கும்தோறும் நனைபவை.

வேலை தொடங்குமுன் சமதரையில் நிறுத்தி, நான்கு சில்லுகளுக்கும் இருபுறமும் கல்லோ கட்டையோ அணை கொடுக்க வேண்டும். கைப்பிரேக்கை நம்பாதீர்கள். லாண்ட் றோவரிலும் பழைய ஜீப்கள் பலவற்றிலும் அது சில்லைப் பிடிப்பதன்று. துணைக் கியர்ப் பெட்டியின் பின்னுள்ள தண்டையே பிடிக்கின்றது. பின் சில்லு ஒன்றை ஜக்கினால் உயர்த்தினால் அச்சில்லு சுழன்று இடங்கொடுக்க, வண்டி ஜக்கிலிருந்து நழுவி ஓடக்கூடும். எனவே எதையும் உயர்த்தாமலே வேலை செய்வது நன்று.

தண்டைச் சுற்றியுள்ள தரைத் தகட்டைத் திருகாணி நீக்கி எடுத்துவிட்டு, தண்டின் அடிமுனையைப் பெட்டியோடு சேர்க்கும் இணைப்பைக் கழற்றுக. எப்பாகம் எவ்விடத்தில் இருந்தது என்பதைச் சுண்ணக்கட்டியாற் குறித்து வைத்தல் நலம். இப்பொழுது தண்டை மட்டும் அசைத்துப் பாருங்கள். தண்டு இறுக்கமாயிருந்தால் குற்றம் ஆணியிலும் இணைப்பிலுமே, வீட்டிலே தீர்த்துக்கொள்ளலாம். தண்டு இலகுவாக ஆடினால் குற்றம் பெட்டிக்குள்ளே உள்ளது. நான் கண்டவற்றுட் பெரும்பாலானவை முதல் வகையைச் சேர்ந்தவையே.

ஆணியைச் சுற்றியுள்ள சேற்றை மண்ணெண்ணெயும் கம்பித் தூரிகையும் கொண்டு கழுவி, துரு இளக்கும் எண்ணெயை இட்டு ஓரிரவு விட்டுவிடுக. மறுநாட் காலையில் கையால் முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்தால் இளகும். பின்னர் ஆணியை வெளியே எடுத்து, உப்புத்தாளால் மினுக்கி, கிரீஸ் பூசி மீண்டும் பூட்டுக. ஆணி ஒருபுறம் தேய்ந்திருந்தால் மாற்றுதல் வேண்டும். தண்டின் அடியிலுள்ள றப்பர் உறை கிழிந்திருந்தால் அவ்வழியே சேறு மீண்டும் ஏறும்; புதியது கிடைக்கும் வரையில் பழைய லொறி டியூப்பில் ஒரு துண்டை வெட்டி இறுகக் கட்டலாம். அழகாயிராது; ஆயினும் போதுமானது.

பெட்டியின் எண்ணெயையும் இத்தருணத்திற் பார்த்துவிடுக. பழைய லாண்ட் றோவரின் துணைப் பெட்டி சுமார் இரண்டரை லீற்றர் 90ஆம் இலக்கக் கியர் எண்ணெய் கொள்ளும். மட்டம் பார்க்கும் அடைப்பைக் கழற்றும்போது எண்ணெய் துளையின் விளிம்பளவில் நிற்க வேண்டும். பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது. முழுவதையும் வடித்து மாற்றுக. வடித்த எண்ணெயில் உலோகத் துகள்கள் மின்னினால் மேற்கொண்டு ஓட்டாமற் கராஜுக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். வளைந்த கவை, தேய்ந்த பல், பெட்டிக்குள் துருவேறிய தண்டு ஆகியனவெல்லாம் பயின்ற கைகளுக்குரிய வேலை. பொத்தானை அமுக்கி ஃபோர் வீல் போடும் பிற்கால வாகனங்களுக்கும் இங்குக் கூறிய முறை பொருந்தாது.

சீர்செய்த வண்டியைப் பாரமின்றி ஈர மண்ணில் ஓட்டி, ஒவ்வொரு நிலையிலும் தண்டு முழுதாக விழுகின்றதா எனப் பார்த்த பின்னரே மூட்டை ஏற்றுக. மழையில்லாத மாதங்களிலும் மாதமொருமுறை இளகிய நிலத்திற் சில நூறு யார் ஃபோர் வீலில் ஓட்டிக் கழற்றி வந்தால் துரு பிடிக்க நேரமிராது. மேலே கூறிய லாண்ட் றோவர் இன்றும் அதே பாதையில் ஓடுகின்றது. கவைக்கும் கூலிக்குமாக அக்குடும்பங்கள் இரண்டு போகம் பணம் சேர்த்தன. அந்நீர்க்குழாய்த் துண்டு இப்பொழுது ஒரு மிளகாய்ப் பாத்திக்கு வேலிக்காலாக நிற்கின்றது.