உங்களுக்குத் தெரியுமா? குரோமுக்குள் ஒளிந்திருக்கும் பெயர்

கூகுள் குரோமில் ஒரு தளத்தைத் திறந்தால், தான் யாரென்று சொல்லி அந்தத் தளத்தின் சர்வருக்கு அது ஒரு வரி அனுப்பும். அந்த வரியில் குரோம் மட்டுமல்ல. மொசில்லா, ஆப்பிள்வெப்கிட், கேஎச்டிஎம்எல், கெக்கோ, சஃபாரி என்று ஒரு பட்டாளமே இருக்கும்!

இவற்றில் நாம் நன்றியோடு நினைக்க வேண்டிய பெயர் கேஎச்டிஎம்எல். லினக்ஸ் கணினிகளுக்காக உழைத்த கேடிஇ குழுவினர், தங்கள் கான்கரர் உலாவிக்கு எழுதிய, வலைப்பக்கங்களைத் திரையில் காட்டும் எஞ்சின் அது. கட்டற்ற மென்பொருள் என்பதால் யாரும் எடுத்து மாற்றலாம். ஆப்பிள் எடுத்தது, வெப்கிட் ஆக்கியது. 2003-இல் அதைக்கொண்டு ஆப்பிளின் சஃபாரி உலாவி வந்தது. 2008-இல் குரோமும் அதே வெப்கிட்டோடுதான் பிறந்தது. 2013-இல் கூகுள் அதிலிருந்து பிளிங்க் என்ற எஞ்சினைப் பிரித்தது. சொந்த எஞ்சின் வைத்திருந்த மைக்ரோசாஃப்ட்கூட அதைக் கைவிட்டு, 2020 ஜனவரியில் பிளிங்க்கில் ஓடும் புதிய எட்ஜ் உலாவியை வெளியிட்டது.