வீட்டு மேசைக் கணினியின் தொடர் முடக்கம்

கணினி முடக்கம் என்பது, இயங்கிக்கொண்டிருக்கும் கணினி பயனரின் கட்டளை இல்லாமலேயே அணைந்துபோவது, அசைவின்றி உறைந்துபோவது அல்லது தானாக மறுதொடக்கம் ஆவது ஆகும். எப்போதாவது ஒருமுறை இப்படி நேர்ந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. வாரத்தில் பலமுறை நேர்ந்தால் அது தொடர் முடக்கம் எனப்படும். முடக்கம் ஒரு நோயன்று, நோயின் அறிகுறி. மின்சாரம், வெப்பம், நினைவகம், சேமிப்பு வட்டு, மென்பொருள் ஆகிய ஐந்தில் எது பழுதானாலும் திரையில் தெரிவது ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே, என்ன நடந்தது என்பதைவிட எப்போது நடந்தது என்பதே காரணத்தைக் கண்டறிய அதிகம் உதவுகிறது.

வீட்டிலேயே காரணம் தேடுவதன் தேவை

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையிலுள்ள எடப்புளி நாடு போன்ற ஊர்களில் ஒரு மேசைக் கணினி பழுதானால், அதைப் பெரிய பழுதுநீக்கும் கடைக்குக் கொண்டுசெல்ல மலையிறங்க வேண்டும். காரவள்ளி அடிவாரத்துக்கு வரும் சாலையில் மட்டும் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இவ்வளவு தொலைவு கொண்டுபோன பின்னும், கடை மேசையில் கணினி ஒரு குறையுமின்றி ஓடுவதுண்டு. வீட்டுக்குத் திரும்பியதும் மீண்டும் நிற்கும்.

இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. ஒன்று, பழுது கணினியில் இல்லாமல் வீட்டின் மின்னிணைப்பிலோ யுபிஎஸ்சிலோ இருந்திருக்கலாம். மற்றொன்று, தளர்ந்திருந்த ஒரு பாகம் வழிக்குலுக்கலில் தற்காலிகமாகச் சரியாக உட்கார்ந்திருக்கலாம். கணினி இருக்கும் இடத்திலேயே அதைக் கவனித்தால் மட்டுமே இத்தகைய காரணங்கள் பிடிபடும்.

முடக்கத்தின் வகைகள்

திடீர் அணைவு: எந்தச் செய்தியும் இல்லாமல் திரை கருத்துப்போகும், சில நேரம் கணினி தானே மீண்டும் தொடங்கும். வீட்டு மின்சாரம், யுபிஎஸ், மின்வழங்கி, மிகுவெப்பம் ஆகியவை முதல் ஐயத்துக்குரியவை.

நீலத்திரை: விண்டோஸ் இயங்குதளம் தன்னால் பாதுகாப்பாகத் தொடர முடியாத பிழையைக் கண்டு, தரவு கெடாமலிருக்கத் தானே நிறுத்திக்கொள்ளும் நிலை இது. திரையில் ஒரு நிறுத்தக் குறியீடு தோன்றும். லினக்சில் இதற்கு இணையானது 'கெர்னல் பானிக்' ஆகும்.

உறைவு: திரையில் படம் நிற்கும், சுட்டியும் விசைப்பலகையும் வேலை செய்யாது. நினைவகம், வட்டு, வரைகலை அட்டை, அவற்றின் இயக்கி மென்பொருள்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

ஒரு செயலி மட்டும் மூடிக்கொள்வது: மற்றவை இயங்க, ஒரே மென்பொருள் திரும்பத் திரும்ப மூடிக்கொண்டால் அது பெரும்பாலும் அந்த மென்பொருளின் குறையே. பல மென்பொருள்கள் காரணமின்றி மாறி மாறி மூடிக்கொண்டால் நினைவகத்தை ஐயப்படலாம்.

முதல் வேலை: தரவைக் காப்பாற்றுதல்

பழுது தேடத் தொடங்கும் முன், கணினி ஓடும் நேரத்திலேயே முக்கியமான கோப்புகளை வெளி வட்டிலோ பென் டிரைவிலோ படியெடுக்க வேண்டும். சான்றிதழ்களின் நகல்கள், குடும்பப் படங்கள், மாணவரின் திட்டக் கட்டுரை, கடைக்கணக்கு ஆகியவை வட்டோடு போய்விட்டால் புதிய வட்டு வாங்கினாலும் அவை திரும்பா. பழுதடைந்துவரும் வட்டில் நீண்ட சோதனைகளை ஓட்டுவதே அதன் எஞ்சிய ஆயுளைக் குறைக்கக்கூடும். எனவே படியெடுத்தல் சோதனைக்கு முன், பின்னர் அன்று.

குறிப்பேடு எழுதுதல்

ஒவ்வொரு முடக்கத்துக்கும் நான்கு செய்திகளைத் தாளில் எழுதிவைத்தால் போதும்: நாளும் நேரமும், கணினியை இயக்கி எத்தனை நிமிடம் ஆயிற்று, அப்போது என்ன வேலை நடந்தது, வீட்டில் விளக்கு மங்கியதா, மோட்டார் ஓடியதா, மழை இடி இருந்ததா. ஐந்தாறு முடக்கங்கள் பதிவானதும் ஓர் ஒழுங்கு தென்படும்.

• மாலையில் அல்லது மோட்டார் ஓடும்போது மட்டும் என்றால் மின்னழுத்தக் குறைவு.
• மின்தடை வரும் அந்த நொடியில் என்றால் யுபிஎஸ்.
• இயக்கி இருபது முப்பது நிமிடம் கழித்து, அல்லது விளையாட்டு, காணொளித் தொகுப்பு போன்ற கனமான வேலையின்போது என்றால் வெப்பம் அல்லது மின்வழங்கியின் திறன் குறைவு.
• எந்த ஒழுங்கும் இல்லாமல், ஒவ்வொரு முறையும் வேறு நிறுத்தக் குறியீட்டோடு என்றால் நினைவகம்.
• ஒரு கோப்பைத் திறக்கும்போதோ படியெடுக்கும்போதோ என்றால் வட்டு.
• புதுப்பிப்பு அல்லது புதிய மென்பொருள் நிறுவிய நாளிலிருந்து என்றால் மென்பொருள்.

கணினியும் தனக்கென ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. விண்டோசின் 'ஈவன்ட் வியூவர்' பகுதியில், 'சிஸ்டம்' பதிவுகளில் 41 என்ற எண்ணுடன் 'கெர்னல் பவர்' நிகழ்வு இருந்தால், கணினி முறையாக மூடப்படாமல் நின்றது என்று பொருள். அது காரணத்தைச் சொல்வதில்லை. அதற்குச் சற்று முன்னர் உள்ள வட்டுப் பிழை, வன்பொருள் பிழை ஆகிய பதிவுகளே பயனுள்ளவை. 'ரிலையபிலிட்டி மானிட்டர்' என்னும் கருவி இதே செய்திகளை நாள்வாரியாகப் படமாகக் காட்டும். நீலத்திரை படிக்குமுன் மறைந்துவிட்டால், அமைப்புகளில் தானியங்கி மறுதொடக்கத்தை நிறுத்திவைத்து, அடுத்த முறை கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

மின்சாரம்

இந்திய வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 எர்ட்சு. எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கி இதை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றுகிறது. 12 வோல்ட் இணைப்பு 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் இருக்க வேண்டும். பழைய அல்லது தரமற்ற மின்வழங்கி, சுமை ஏறும்போது இந்த எல்லைக்குள் நிற்காது. கணினி உடனே அணைந்துவிடும்.

மின்வழங்கி, மின்சாரம் நின்ற பிறகும் ஏறத்தாழ 16 மில்லி நொடி வரை மட்டுமே தாக்குப்பிடிக்கும். யுபிஎஸ் அதற்குள் மின்கலத்துக்கு மாறிவிட வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றில் 'யுபிஎஸ்' நிலை, 'ஈக்கோ' நிலை என இரண்டு உண்டு. ஈக்கோ நிலையில் மாறும் நேரம் அதிகம். விளக்குக்கும் விசிறிக்கும் அது போதும், கணினி மறுதொடக்கம் ஆகிவிடும். ஒரு பொத்தானை மாற்றினால் தீரும் குறைக்காக ராம் மாற்றப்படுவதும் நடக்கிறது.

யுபிஎஸ்சில் உள்ள ஈய அமில மின்கலம் பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் வலுவிழக்கிறது. அதன் பிறகு மின்தடை வந்தால் யுபிஎஸ் கணினியைக் காப்பதில்லை. சில வேளைகளில் மின்சாரம் இருக்கும்போதே வெட்டிவிடுகிறது. யுபிஎஸ்சை விலக்கி, கணினியை நேரடியாகச் சுவர் இணைப்பில் ஓரிரு நாள் இயக்கிப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

மின்கம்பிகள் நீண்ட தூரம் மரங்களூடே செல்லும் மலையூர்களில், வரிசையின் கடைசியில் உள்ள வீடுகளுக்கு மின்னழுத்தம் குறைந்து வரக்கூடும். ஸ்டெபிலைசர் இதற்கு உதவும். ஆனால் இடியைத் தடுக்காது. இடி மின்னலின்போது மின்செருகியையும் இணையக் கம்பியையும் கழற்றி வைப்பதே பாதுகாப்பு. எர்த் எனப்படும் நில இணைப்பு சரியாக இல்லாத வீட்டில் மிகை மின்னழுத்தக் காப்பான் தன் வேலையை முழுமையாகச் செய்யாது.

வெப்பமும் தூசும் ஈரமும்

செயலகத்தின் மேலுள்ள விசிறியும் வெப்பத்தகடும் தூசால் அடைபட்டால் வெப்பம் வெளியேறாது. பல மேசைக் கணினிச் செயலகங்கள் 100 பாகை செல்சியசை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேல் போனால் அணைந்துவிடும். இலவச வெப்ப அளவீட்டு மென்பொருள் கொண்டு இதைப் பார்க்கலாம். சில ஆண்டுகளில் காய்ந்துவிடும் வெப்பக் களிம்பைத் துடைத்துப் புதிதாக இடுவதும் தேவைப்படலாம்.

கொல்லிமலை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் உள்ளது. சமவெளியைவிடக் குளிர்ச்சியான காற்று கணினிக்கு நல்லதே. ஆனால் பனிமூட்டமும் மழைக்காலமும் கொண்டுவரும் ஈரம், தூசோடு சேர்ந்து படிந்து இணைப்பு முனைகளைக் கறுக்கச் செய்யும். மாதக்கணக்கில் இயக்காமல் வைத்திருக்கும் கணினியில் இது அதிகம். எறும்பும் பல்லியும் உள்ளே குடியேறுவதும் வழக்கமே.

திறக்கும்போது மின்செருகியைக் கழற்றிவிட்டு, வெறும் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னை நீக்கிக்கொள்ள வேண்டும். மின்வழங்கியின் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. மின்செருகியைக் கழற்றிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் இருக்கும்.

நினைவகம்

ராம் பட்டையைக் கழற்றி, முனைகளை மென்மையான அழிப்பானால் இலேசாகத் துடைத்து மீண்டும் பொருத்துவது தமிழ்நாட்டுப் பழுதுநீக்குநர்களின் வழக்கமான முதல் மருந்து. கறுத்த முனைகளால் வந்த பழுதுக்கு இது பலன் தரும். அழுத்தித் தேய்த்தால் முனையின் பொற்பூச்சு தேய்ந்துபோகும்.

பட்டையே பழுதா என்பதை விண்டோசின் நினைவகச் சோதனை, 'மெம்டெஸ்ட்86+' போன்ற கருவிகளால் அறியலாம். இரவு முழுவதும் ஓடவிடுவது நல்லது. ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த அமைப்பை நம்ப முடியாது. இரண்டு பட்டைகள் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்து ஓரிரு நாள் இயக்கி, பின் மற்றொன்றை வைத்துப் பார்த்தால் குற்றவாளி தெரிந்துவிடும்.

சேமிப்பு வட்டு

வன்தட்டும் திடநிலை வட்டும் தம் உடல்நிலையை 'ஸ்மார்ட்' என்னும் பதிவில் எழுதிவைக்கின்றன. மாற்றியமைக்கப்பட்ட வட்டுப் பகுதிகளின் எண்ணிக்கை வாரந்தோறும் ஏறிக்கொண்டே போனால் வட்டை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. வன்தட்டில் 'டிக், டிக்' என்ற ஒலி கேட்டால் மேலும் இயக்காமல் தரவை மீட்பதையே கவனிக்க வேண்டும். ஆனால் தளர்ந்த சாட்டா கம்பியும் வட்டுப் பிழைகளைத் தரக்கூடும் என்பதால், புதிய வட்டு வாங்கும் முன் கம்பியை மாற்றிப் பார்ப்பது சிக்கனம்.

மென்பொருள்

2024 சூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனப் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பு ஒன்றால் உலகெங்கும் கணினிகள் நீலத்திரையில் நின்றன. பாதிக்கப்பட்டவை ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் என மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய ஏறுசீட்டுகள் வழங்கப்பட்டன. அந்தக் கணினிகளின் வன்பொருளில் எந்தக் குறையும் இல்லை. பலவற்றைச் 'சேஃப் மோட்' எனும் பாதுகாப்பு நிலையில் தொடங்கி ஒரு கோப்பை நீக்கியதும் அவை இயங்கின. வீட்டுக் கணினிக்கும் இதே வழி பொருந்தும்: பாதுகாப்பு நிலையில் முடங்காமல் ஓடினால், கடைசியாக நிறுவிய இயக்கியையோ மென்பொருளையோ நீக்கிப் பார்க்க வேண்டும். உரிமம் உடைக்கப்பட்ட மென்பொருள்களோடு வரும் நச்சுநிரல்களும் முடக்கத்துக்குக் காரணமாகலாம்.

வன்பொருளா மென்பொருளா என்று பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பென் டிரைவிலிருந்து நேரடியாக இயங்கும் லினக்சில் கணினியைச் சில மணி நேரம் ஓட்டலாம். அதிலும் முடங்கினால் விண்டோசைக் குறைசொல்ல இடமில்லை. அதில் சீராக ஓடினால் விண்டோசையோ வட்டையோ கவனிக்கலாம்.

அரிய காரணங்கள்

மேலுள்ள ஐந்தும் இல்லாதபோது தாய்ப்பலகையும் செயலகமும் எஞ்சுகின்றன. 2000-களின் தொடக்கத்தில் தயாரான பல தாய்ப்பலகைகளில் தரமற்ற மின்தேக்கிகள் தலைவீங்கி வெடித்தன. உச்சி உப்பிய மின்தேக்கியைக் கண்ணாலேயே காணலாம். 2024-இல் இன்டெல் நிறுவனம், தன் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலகங்கள் சிலவற்றில் மிகையான மின்னழுத்தத்தால் முடக்கம் நேர்வதை ஒப்புக்கொண்டு, நுண்நிரல் திருத்தம் வெளியிட்டது. உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. ஏற்கெனவே கெட்டுப்போன செயலகத்தை அத்திருத்தம் குணமாக்காது. அதை மாற்றவே வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

ராமைத் துடைத்து, விசிறியைச் சுத்தம் செய்து, விண்டோசையும் மீண்டும் நிறுவி எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிட்டால், முடக்கம் நின்றாலும் எது தீர்த்தது என்று தெரியாது. அடுத்த முறை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி, முன்பு முடங்கிய இடைவெளியைப்போல் இரண்டு மூன்று மடங்கு காலம் காத்திருப்பதே முறை. இரண்டு நாளைக்கு ஒருமுறை நின்ற கணினி ஒரு நாள் ஓடியதால் சரியாகிவிட்டதாகக் கொள்ள முடியாது.

'ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்' என்பது பரவலான நம்பிக்கை. காரணம் மென்பொருளாக இருந்தால் மட்டுமே அது உண்மை. மின்கலமோ ராமோ பழுதாக இருந்தால், ஃபார்மட் செய்வது கோப்புகளையும் முடக்கப் பதிவுகளையும் சேர்த்தே அழித்துவிடும்; முடக்கம் மட்டும் அப்படியே இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் கணினியைக் கீழே கொண்டுசெல்ல நேர்ந்தால், குறிப்பேட்டுத் தாளையும் நீலத்திரைப் படங்களையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். கடையில் முடங்காத கணினியைப் பற்றிப் பழுதுநீக்குநருக்குக் கிடைக்கும் ஒரே சான்று அதுவே. யுபிஎஸ்சை ஐயப்பட்டால் அதையும் சேர்த்தே எடுத்துச்செல்வது இரண்டாம் பயணத்தைத் தவிர்க்கும்.