நிரலாக்கமும் அமைதியும்

தச்சன் உளியை இடையிற் கீழே வைத்துச் சென்றாலும், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்தே வேலையைத் தொடரலாம். கணினிக்கு நிரல் எழுதுவோர் நிலை அஃதன்று. பல நிபந்தனைகளையும் அவற்றிடையே உள்ள தொடர்புகளையும் அவர் ஒரே வேளையில் உள்ளத்தில் ஏந்தியிருத்தல் வேண்டும். தொலைபேசி மணியொன்று அக்கட்டுக்கோப்பைக் குலைப்பின், அதனை மீளக் கட்டியெழுப்பப் பல நிமிடங்கள் செல்லும். ஆதலின் அமைதி அவருக்குத் தொழிற்கருவியேயாம்.

இதனை அளந்தறிய முயன்றோருள் ரொம் டிமார்கோ, திமோதி லிஸ்ரர் என்னும் அமெரிக்கர் இருவர் குறிப்பிடத்தக்கவர். 1984ஆம் ஆண்டு முதல் 1986ஆம் ஆண்டு வரை அவர்கள் நடாத்திய போட்டிகளில், 92 நிறுவனங்களைச் சேர்ந்த 600க்கு மேற்பட்டோர் தத்தம் பணியிடத்திலிருந்தே ஒரே நிரலை எழுதினர். விரைவில் முன்னின்ற காற்பகுதியினருள் 57 வீதத்தினர் தம் பணியிடம் போதிய அமைதியுடையதென்றனர். பின்தங்கிய காற்பகுதியினருள் 29 வீதத்தினரே அவ்வாறு கூறினர்.

எனினும், அமைதி ஆற்றலை வளர்த்ததா, ஆற்றலுடையோரே அமைதியான இடங்களை நாடிச் சேர்ந்தனரா என்னும் வினாவை இவ்வெண்கள் தீர்க்கமாட்டா. இவ்விடத்து, 1960களிற் கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்ததாக அவர்கள் தம் ‘பீப்பிள்வெயார்’ (1987) என்னும் நூலில் எடுத்துரைக்கும் பரிசோதனை கருதத்தக்கது. இசையோடு பணிசெய்ய விரும்பும் மாணவரும் விரும்பாத மாணவரும் தனித்தனியே இரு கூறாக்கப்பட்டு, ஒரு கூற்றினர் அமைதியான அறையிலும் மற்றையோர் இசை ஒலிக்கும் அறையிலும் அமர்த்தப்பட்டனர். விரைவிலும் திருத்தத்திலும் இரு அறையினரும் ஏறத்தாழ ஒத்திருந்தனர். ஆயின் அவ்வேலையில் ஒரு மறைபொருள் இருந்தது: கணித்தற் படிகள் யாவும் முடிந்தபின் கிடைக்கும் எண், தொடக்கத்தில் இட்ட எண்ணேயாகும். இதனைக் கண்டுகொண்டோருட் பெரும்பாலார் அமைதியான அறையில் இருந்தவரே.

ஐ.பி.எம். நிறுவனம் 1970களிற் கலிபோணியாவில் அமைத்த சாந்தா தெரேசா ஆய்வுகூடம், இத்தேவையை உணர்ந்து, ஒவ்வொருவருக்கும் 100 சதுர அடி பணியிடம் வகுத்தது. பிற்காலத்திலோ செலவைக் குறைக்கவும் கலந்துரையாடலைப் பெருக்கவுமெனச் சுவர்கள் நீக்கப்பட்டன. ஆனால், திறந்த மண்டபத்துக்கு மாறிய இரு நிறுவனங்களை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வொன்று, நேர்முக உரையாடல் ஏறத்தாழ 70 வீதம் குறைந்ததையும் மின்னஞ்சல் பெருகியதையும் காட்டிற்று.

சுவரை நீக்கியதால் மிஞ்சிய பணம் கணக்கேட்டில் தெரியும். இரைச்சலிடையே ஒருவருக்குத் தோன்றாது போன எண்ணம் எவ்வேட்டிலும் பதியப்படுவதில்லை. பணியிடம் வகுப்போர் இவ்விழப்பையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும்.