பெரிய டர்போ மாட்டினால் கார் ஏன் முதலில் தயங்குகிறது?

ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி. 2013இல் ஐரோப்பியச் சாலைகளுக்கு வந்த சின்ன கார், 1.6 லிட்டர் எஞ்சின், 182 குதிரைத்திறன். இதற்கும் பெரிய டர்போ மாட்டிப் பார்க்கும் பிரியர்கள் உண்டு. மாட்டியபின் ஆக்சிலரேட்டரை மிதித்தால், முன்பு சட்டெனப் பாய்ந்த கார் ஒரு கணம் தயங்கும். பலம் கூடியும் ஏன் இப்படி?

சிறுவயதில் பனையோலைக் காற்றாடி செய்திருக்கிறீர்களா? சின்னது வாயால் ஊதினாலே சுழலும். பெரியதற்கு அந்த மூச்சு போதாது.

டர்போவுக்குள்ளும் ஒரு காற்றாடிதான். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை அதைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம்; பலம் வருவது அங்கிருந்துதான். உள்ளங்கையில் அடங்கும் இந்தச் சக்கரம் நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் என்றால் நம்புவீர்களா?

எஞ்சின் மெதுவாக ஓடும்போது புகை குறைவு. கனமான பெரிய சக்கரம் வேகமெடுக்க நேரமாகிறது.

அப்படியானால் சின்னதே போதுமே? போதாது. எஞ்சினை விரட்டும்போது சின்ன டர்போவுக்கு மூச்சு முட்டிவிடும்.

இன்னொன்று. சைக்கிளுக்குக் காற்றடித்ததும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அமுக்கிய காற்று சூடாகும்; அந்தச் சூட்டில் பெட்ரோல் நேரம் தவறி வெடித்தால் பிஸ்டனே உடையலாம். ஆகவே காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர், இவற்றை ஆளும் கணினியின் கணக்கு எல்லாமே சேர்ந்து மாற வேண்டும். டர்போவை மட்டும் மாற்றிவிட்டு வண்டியை விரட்டும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.