பல்லின் எனாமல்: தேய்வும் பாதுகாப்பும்

மனித உடலில் மிகக் கடினமான பொருள் எலும்பன்று; பல்லின் மேற்புறத்தைப் போர்த்தியுள்ள எனாமல் என்னும் உறையேயாகும். அதன் எடையில் ஏறக்குறைய 96 விழுக்காடு, கால்சியமும் பாஸ்பேட்டும் கலந்த தாதுப்பொருளாகும். எனினும், இதனை ஆக்கும் உயிரணுக்கள் பல் முளைத்து வெளிவரும்போதே மறைந்து விடுகின்றன. ஆதலால், முறிந்த எலும்பு கூடுவதுபோல் அழிந்த எனாமல் மீண்டும் வளர்வதில்லை.

இவ்வுண்மை, லாங் ஐலண்ட் போன்ற இடங்களில் வாழ்வோர்க்குத் தனி முக்கியத்துவம் உடையது. வடக்கு, நடு அந்தமான் மாவட்டத்தைச் சேர்ந்த இச்சிறு தீவிலிருந்து ரங்கத்திற்கோ, 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேருக்கோ செல்ல வேண்டுமாயின் கடலைக் கடத்தல் வேண்டும். சிறப்புச் சிகிச்சை தொலைவில் உள்ளவிடத்தில் வருமுன் காத்தலே சிறந்த மருத்துவம்.

எனாமல் அழிவதற்கு முதற்காரணம் அமிலமாகும். பற்களில் படியும் நுண்ணுயிர்கள் சர்க்கரையை உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. வாயின் பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கும்போது எனாமலின் தாதுக்கள் கரையத் தொடங்குகின்றன. எலுமிச்சை, புளிப்புப் பழச்சாறு, புட்டியில் விற்கும் சோடா பானங்கள் ஆகியவற்றின் அமிலமோ நுண்ணுயிரின் உதவியின்றி நேராகவே கரைக்க வல்லது. அடிக்கடி எதுக்களித்தலும் வாந்தியும் இரைப்பையின் அமிலத்தை வாய்க்குக் கொணர்ந்து இத்தீங்கையே விளைவிக்கும்.

இரண்டாவது காரணம் உராய்வு. கரித்தூள், செங்கற்பொடி முதலியவற்றால் பல் தேய்ப்பதும், முரட்டு பிரஷ்ஷால் அழுத்தித் தேய்ப்பதும், உறக்கத்தில் பற்களை நறநறவெனக் கடிப்பதும் இவ்வகையின. அந்தமான் தீவுகளில் தென்னையுடன் பாக்கும் முக்கியப் பயிராகும். கடினமான பாக்கை நாள்தோறும் மெல்லுவோரின் கடைவாய்ப் பற்கள் தேய்ந்து தட்டையாகின்றன. பாக்கு புற்றுநோய் விளைவிக்கும் பொருளென்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-ல் வகைப்படுத்தியுள்ளமையால், அதனை விடுவது பல்லுக்கு மட்டுமன்றி உயிருக்கும் காப்பாகும்.

மூன்றாவது காரணம் குடிநீரில் மிகுந்துள்ள புளோரைடு. 1937-ல் ஷார்ட் முதலிய மருத்துவர்கள், அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் மாவட்டத்தில் இந்நோயை விவரித்தனர். பல் உருவாகும் பருவத்தில் இந்நீரைப் பருகும் குழந்தைகளின் எனாமலில் வெண்திட்டுகளோ பழுப்புக் கறைகளோ தோன்றுகின்றன. கடுமையாயின் குழிகளும் விழும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இத்தொல்லையைத் தணிக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பதே இந்தியத் தர நிர்ணயம் விரும்பும் புளோரைடின் உச்ச அளவு. வேறு நீர் கிட்டாதவிடத்து 1.5 மில்லிகிராம் வரை ஏற்கப்படும்.

அளவோடு பல்லின்மேல் படும் புளோரைடோ எனாமலுக்கு வலிவு தருகின்றது. உமிழ்நீரிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும், தாது குன்றிய வெண்புள்ளிகளை மீண்டும் இறுகச் செய்யும். புளோரைடு இச்செயலைத் துரிதப்படுத்தும். ஆனால் குழி விழுந்தபின் இது கைகூடாது. உள்ளிருக்கும் மஞ்சள் நிறத் திசு வெளிப்பட்டு, குளிர்நீர் பட்டால் பல் கூசும்.

ஆகவே பின்வருவனவற்றைக் கைக்கொள்ளல் நலம். புளோரைடு கலந்த பற்பசையால், மென்மையான பிரஷ் கொண்டு, காலையிலும் உறங்குமுன்னும் பல் துலக்குக. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசியளவு பசையும், ஆறு வயது வரை பட்டாணியளவும் போதும். அதனை விழுங்காமல் துப்பச் செய்க. புளிப்பு உண்டபின் நீரால் வாய் கொப்பளித்து, அரைமணி நேரமேனும் கழித்துப் பல் துலக்குக. இனிப்பை இடையிடையே தின்னாது உணவோடு உண்க. பல்லில் வெண்புள்ளியோ கூச்சமோ தோன்றின், வலி வரும்வரை காத்திராது, அடுத்த முறை கடல் கடந்து நகருக்குச் செல்லும்போதே பல் மருத்துவரைக் காண்க. எனாமலைக் காப்பாற்றுதற்குரிய காலம் அதுவேயாகும்.